‘அண்டர் த வெதர்’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இப்போது காலை. எனக்கு இங்கிலாந்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லவேளை, எந்த நேரத்துக்கும் பொருந்துகிற ‘வணக்கம்’ நமக்கு இருக்கிறது.

ஆங்கிலத்தில் என்றால் சிக்கல். ‘குட் ஈவினிங்’, ‘குட் நைட்’ இரண்டுமே இருட்டிய பிறகு சொல்லக்கூடியவை. ஆனால் முதலாவது வரும்போது சொல்வது, இரண்டாவது போகும்போது சொல்வது. இரவு எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்து வார்டுக்குள் நுழைந்தவுடன் ‘குட் நைட்’ என்றால், “வந்ததுமே கிளம்புகிறாயா?” என்று சிரிப்பார்கள். ஈவினிங்கும் நைட்டும் தனியாக நின்றால் எதிர்ச்சொற்கள் இல்லை. ‘குட்’ என்ற சொல்லோடு சேர்ந்ததும் ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது கதவைச் சாத்துகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். ஆங்கிலச் சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் எதிர்ச்சொல் தேடுவது எப்படி, அதில் நாம் எங்கே வழுக்குகிறோம், வழுக்கினால் என்ன ஆகும்.

நான் மொழியியல் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா படித்தவள். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தது கொஞ்சம். கட்டிலோரம் நின்று கற்றுக்கொண்டதுதான் அதிகம். அதனால் என் உதாரணங்களில் மருந்து வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆறுதல் என்னவென்றால், இந்த வேலையை ஆங்கிலத்தில் பெரிய அளவில் செய்தவரும் மருத்துவத் துறைக்காரர்தான். பீட்டர் மார்க் ரோஜே ஒரு டாக்டர். மான்செஸ்டரில் மருத்துவராக வேலை பார்த்தவர். 1805-இலேயே தன் சொந்த உபயோகத்துக்காகச் சொற்களை வகைபிரித்து எழுதி வைத்திருந்தார். அதை விரித்து, ‘தெசாரஸ்’ என்ற நூலாக வெளியிட்டது 1852-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. அதில் அவர் சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை, கருத்துகளின்படி அடுக்கினார். எங்கெல்லாம் ஒரு கருத்துக்கு எதிர்க்கருத்து இருந்ததோ, அங்கெல்லாம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து பத்திகளில் எதிரெதிரே வைத்தார். ‘ஆன்டனிம்’ என்ற சொல்லே அப்போது ஆங்கிலத்தில் இல்லை. சி. ஜே. ஸ்மித் என்பவர் 1867-இல் தன் நூலில் ‘சினனிம்’ என்ற சொல்லுக்கு ஜோடியாக அதை உருவாக்கினார். எதிர்ச்சொல்லுக்கான சொல்லே ஒரு எதிர்ச்சொல்லாகப் பிறந்திருக்கிறது.

நம்மிடம் இந்த யோசனை இன்னும் பழையது. செய்யுளில் மோனை, எதுகை, இயைபு, அளபெடையோடு முரணையும் ஒரு தொடையாக நம் இலக்கணக்காரர்கள் வைத்தார்கள். எதிர்ச்சொல் அவர்களுக்குத் தேர்வுக் கேள்வி அல்ல, ஓசையைப் போல ஒரு அழகு. திருக்குறள் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். 40-ஆவது அதிகாரம் கல்வி, 41-ஆவது கல்லாமை. 55-ஆவது செங்கோன்மை, 56-ஆவது கொடுங்கோன்மை. முதல் ஜோடியில் எதிர்ச்சொல் ‘இல்லை’ என்பதிலிருந்து வருகிறது: கற்பது, கற்காமல் இருப்பது. இரண்டாவது ஜோடியில் ‘இல்லை’ கிடையாது. செம்மையான, அதாவது நேரான கோல். கொடுமையான, அதாவது வளைந்த கோல். நேராக இல்லாமல் இருப்பது வேறு, வளைந்திருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதிர்ச்சொல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. என் வார்டை வைத்தே சொல்கிறேன்.

முதல் ரகத்தில் நடுவில் இடம் கிடையாது. ‘அலைவ்’, ‘டெட்’. ஒன்று இல்லை என்றால் மற்றதுதான். இரண்டாவது ரகத்தில் நடுவில் நிறைய இடம் உண்டு. ‘ஹாட்’, ‘கோல்டு’. ஒருவரைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடாக இல்லை என்றால் அது குளிர்ந்தது என்று அர்த்தமில்லை. வெதுவெதுப்பாக இருக்கலாம், ஆறிப்போயிருக்கலாம். மூன்றாவது ரகம், ஒரே சம்பவத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது. ‘டாக்டர்’, ‘பேஷன்ட்’. ‘லெண்ட்’, ‘பாரோ’. கடன் கொடுப்பதும் கடன் வாங்குவதும் ஒரே பணம், ஒரே நேரம். நிற்கிற பக்கம்தான் வேறு. “கேன் ஐ லெண்ட் யுவர் பென்?” என்று நம் ஆட்கள் கேட்பதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நான்காவது ரகம், செய்ததைத் திருப்பிச் செய்வது. கட்டுப் போடுவது, கட்டை அவிழ்ப்பது. ‘அட்மிட்’, ‘டிஸ்சார்ஜ்’.

இரண்டாவது ரகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு முனைகளில் ஒன்றுதான் அளவுகோலுக்கே பெயர் கொடுக்கும். பிறந்து மூன்று நாளான குழந்தையையும் ‘த்ரீ டேஸ் ஓல்டு’ என்கிறோம், ‘த்ரீ டேஸ் யங்’ என்பதில்லை. அதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: அளவுகோலின் பெயர் ஒரு முனைக்குப் பெயராகிவிடும். ‘ஷி ஹாஸ் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல். வெப்பநிலை இல்லாத உடம்பு எது? நாமும் அப்படித்தான். “எனக்கு பிரஷர் இருக்கு, சுகர் இருக்கு” என்கிறோம். ரத்தத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இல்லாவிட்டால் ஆள் இருக்கமாட்டார். ஆனாலும் கேட்பவர்களுக்குச் சரியாகப் புரிகிறது. இந்தச் சொற்களுக்கு எதிர்ச்சொல் கேட்டால், ‘இல்லை’ என்று சேர்த்தால் போதாது. ‘லோ பிரஷர்’ என்று முனையைக் காட்டித்தான் சொல்லவேண்டும்.

அடுத்தது, சொல்லின் சேர்க்கை. பிள்ளைகளிடம் “ட்ரை என்பதற்கு எதிர்ச்சொல் சொல்லு” என்றால் உடனே “வெட்” என்பார்கள். துணிக்கு அது சரி. ‘ட்ரை ஸ்கின்’ என்றால் எதிர் ‘ஆய்லி’. ‘ட்ரை ஒயின்’ என்றால் எதிர் ‘ஸ்வீட்’. ‘ட்ரை காஃப்’ என்றால், சளி வராத வறட்டு இருமல்; அதற்கு எதிர் எங்கள் குறிப்புகளில் ‘ப்ரொடக்டிவ்’, வீட்டில் ‘செஸ்டி’. ‘ஸ்டெரைல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் அதற்கு எதிர் ‘கன்டாமினேட்டட்’. மகப்பேறு ஆலோசனை அறையில் அதற்கு எதிர் ‘ஃபெர்டைல்’. தியேட்டரில் அது நல்ல வார்த்தை. இன்னொரு அறையில் ஒரு பெண்ணை அழ வைக்கிற வார்த்தை.

தமிழிலும் இதே கதைதான். எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம் ‘நல்ல தண்ணி’ என்றால் அதற்கு எதிர் ‘கெட்ட தண்ணி’ இல்லை, ‘உப்புத் தண்ணி’. ‘பச்சைத் தண்ணி’க்கு எதிர் சிவப்புத் தண்ணியா? ‘வெந்நீர்’. நல்லெண்ணெய்க்கும் நல்ல பாம்புக்கும் எதிரே கெட்டது எதுவும் கிடையாது. ஆனால் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிற சிலவற்றைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. ‘ஓல்டு’ என்பதற்கு ‘யங்’, ‘நியூ’ என்று இரண்டு எதிர்ச்சொல் தேட வேண்டியிருக்கிறது. நமக்கு முதியவர்–இளையவர் ஒரு ஜோடி, பழையது–புதியது இன்னொரு ஜோடி. குழப்பமே இல்லை. அதனால் எதிர்ச்சொல் தெரியாதபோது, ஆங்கிலச் சொல்லை அந்த இடத்துக்கு ஏற்ற தமிழில் முதலில் மாற்றிப் பார்ப்பது நல்ல வழி. தாய்மொழி சில நேரம் முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கும்.

ஜோடிகளுக்குள் ஒரு பழக்க உறவும் இருக்கிறது. ஆங்கிலக்காரர்களிடம் ‘பிக்’ என்றால் ‘லிட்டில்’ என்பார்கள், ‘லார்ஜ்’ என்றால் ‘ஸ்மால்’ என்பார்கள். பொருளில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் ஜோடி மாறினால் காதுக்கு உறுத்துகிறது. நாமும் இன்பம்–துன்பம் என்போம், சுகம்–துக்கம் என்போம். இன்பம்–துக்கம் என்று சொன்னால் செருப்பை மாற்றிப் போட்டதுபோல இருக்கும். நன்மை–தீமை, நல்லது–கெட்டது, மேடு–பள்ளம், ஏற்றம்–இறக்கம். எதிர்ச்சொற்கள் சண்டைக்காரர்கள் இல்லை, புருஷன் பெண்டாட்டி மாதிரி. எதிரெதிரே நின்றாலும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களால் எதிர்ச்சொல் ஆக முடியாது. மாங்காய்க்கும் மாடிப்படிக்கும் என்ன எதிர்?

அமெரிக்காவில் இருப்பவர்களில் என் வயதை ஒட்டியவர்கள், பழைய எஸ்.ஏ.டி. தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகள் வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சொல், கீழே ஐந்து விடைகள். 1994-இல் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். ஜி.ஆர்.இ. தேர்விலிருந்தும் 2011-இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லின் பொருள் கேட்கும் கேள்விகள் கூடின. இங்கிலாந்தில் ‘லெவன் பிளஸ்’ தேர்வுக்குத் தயாராகும் பத்து வயதுப் பிள்ளைகள் இன்னும் எதிர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மனப்பாடம் செய்யட்டும், தப்பில்லை. ஆனால் வாக்கியத்தோடு செய்யட்டும்.

பட்டியலை மட்டும் நம்பினால் வரும் ஆபத்து முன்னொட்டுகளில் தெரியும். ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’ சேர்த்தால் எதிர்ச்சொல் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ‘வேல்யுபிள்’ என்றால் மதிப்புள்ளது. ‘இன்வேல்யுபிள்’ என்றால்? மதிப்பில்லாதது இல்லை; மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது. தமிழிலும் இதே விளையாட்டு உண்டு: ‘மதிப்பற்ற’ என்றால் குப்பை, ‘விலைமதிப்பற்ற’ என்றால் பொக்கிஷம். ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுமே எளிதில் தீப்பற்றக்கூடியது என்றுதான் சொல்கின்றன. அங்கே இருக்கிற ‘இன்’ மறுப்பு இல்லை, ‘உள்ளே தீ மூட்டுவது’ என்ற லத்தீன் வேர். உடம்பில் வீங்கிச் சிவந்து எரிகிறதே, ‘இன்ஃப்ளமேஷன்’, அதுவும் இதே குடும்பம்தான். ஒரு டப்பாவின் மேல் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ‘தீப்பிடிக்காது’ என்று நினைத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? தீப்பிடிக்காததற்குச் சரியான சொல் ‘நான்-ஃப்ளேமபிள்’.

சில சொற்களில் மறுப்பு மட்டும் இருக்கிறது, மறுக்கப்பட்டது காணாமல் போய்விட்டது. ‘ரூத்லெஸ்’ என்றால் இரக்கமில்லாத. ‘ரூத்’ என்றால் இரக்கம் என்று ஒரு பழைய சொல் இருந்தது, இப்போது யாரும் தனியாகச் சொல்வதில்லை. வேதாகமத்தில் வரும் ரூத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது எபிரேயப் பெயர். ‘டிஸ்கிரன்டில்டு’ என்றால் அதிருப்தியோடு இருப்பவர். ‘கிரன்டில்டு’ என்று திருப்தியானவரைச் சொல்லலாமே என்று பி. ஜி. வோட்ஹவுஸ் 1938-இல் ஒரு நாவலில் வேடிக்கை செய்தார். நம்மிடமும் உண்டு. லட்சியம் என்றால் இன்றைக்குக் குறிக்கோள். அலட்சியம் என்றால் குறிக்கோள் இல்லாமை இல்லை, அசட்டை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்து வேறு வேறு ஊருக்குப் போய்விட்டன. அசிங்கத்துக்கு எதிர்ச்சொல் சிங்கம் என்று எழுதிய பையனுக்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் அவன் விதியைச் சரியாகத்தான் கற்றிருக்கிறான்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது, தனக்குத் தானே எதிர்ச்சொல்லாக நிற்பவை. ‘க்ளீவ்’ என்பதற்கு ஒட்டிக்கொள்வது என்றும் பொருள், பிளப்பது என்றும் பொருள். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமம் என்ற ஒரே புத்தகத்திலேயே இரண்டும் வருகின்றன. புருஷன் மனைவியோடு இசைந்திருப்பதற்கும் அந்தச் சொல்தான், ஆபிரகாம் தகனபலிக்குக் கட்டை பிளப்பதற்கும் அந்தச் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைகள். காலப்போக்கில் உருவம் ஒன்றாகிவிட்டது. பிளக்கிற ‘க்ளீவ்’ இன்னும் எங்கள் குழந்தைகள் வார்டில் இருக்கிறது. மேலண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைக்கு ‘க்ளெஃப்ட் பாலெட்’ என்கிறோம்.

‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லை ஒரு நாள் டியூட்டியில் எண்ணிப் பாருங்கள். நாடி ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம், எதிர் ‘ஸ்லோ’. நோயாளி ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் அசையாத ஆழ்ந்த தூக்கம், எதிர் ‘வைட் அவேக்’. காசநோய்க் கிருமியை ‘ஆசிட்-ஃபாஸ்ட்’ என்கிறோம். அமிலம் ஊற்றிக் கழுவினாலும் சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு ‘ஃபாஸ்டிங்’ என்றால் வெறும் வயிறு. அதற்கு எதிர் நாம் தினமும் சாப்பிடுவது: ‘ப்ரேக்ஃபாஸ்ட்’, நோன்பை உடைப்பது. ஓடுவதும் அசையாமல் நிற்பதும் ஒரே சொல்லுக்குள். யாராவது ‘ஃபாஸ்ட்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால், “எந்தக் கட்டிலில்?” என்று கேட்கத் தோன்றும்.

இனி சொற்றொடர்கள். தலைப்புக்கு வருகிறேன். ‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு கொஞ்சம் சரியில்லை. அதற்கு எதிர் ‘ஓவர் த வெதர்’ இல்லை, அப்படி ஒரு வழக்கே கிடையாது. ‘ஆஸ் ரைட் ஆஸ் ரெயின்’ என்று சொல்லலாம். மழைபோலச் சரியாக இருக்கிறேன் என்று. மழைக்கு எப்போதும் அலுத்துக்கொள்கிற ஊரில் அப்படி ஒரு வழக்கு! சாதாரணமாகப் பேசும்போது ‘ஃபீலிங் மச் பெட்டர்’ போதும். சொற்றொடருக்கு எதிர் தேடும்போது சொல்லைத் திருப்பக் கூடாது, பொருளைத் திருப்ப வேண்டும். தமிழில் ‘கை நீளம்’ என்றால் திருடுகிறவர். எதிர் ‘கை குட்டை’யா? ‘கை சுத்தம்’. ‘தலைக்கனம்’ என்பதற்கு எதிர் ‘பணிவு’, தலை லேசு இல்லை. நம் மொழியில் இதைச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருக்கிறோம். ஆங்கிலம் என்றதும் மறந்துவிடுகிறோம்.

நோயாளி தேறிவருகிறார் என்பதற்கு ‘ஆன் த மெண்ட்’. அதற்கு எதிர் ‘கோயிங் டவுன்ஹில்’. ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்றால் ‘டர்ன்டு த கார்னர்’. திடீரென்று மோசமானால் ‘டுக் எ டர்ன் ஃபார் த வர்ஸ்’. இரண்டிலும் திருப்பம் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைச் சொற்றொடர்தான் சொல்கிறது. சில நேரம் அப்படிச் சொல்லாமலும் விடும். ‘இட்ஸ் ஆல் டவுன்ஹில் ஃப்ரம் ஹியர்’ என்றால் இனிமேல் எல்லாம் சுலபம் என்றும் எடுக்கலாம், எல்லாம் சரிவுதான் என்றும் எடுக்கலாம். சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் நோயாளிக்கும் இறக்கம் வேறு வேறு. ஃபாரம் நிரப்புவதற்கு ‘ஃபில் இன்’ என்றாலும் ஒன்றுதான், ‘ஃபில் அவுட்’ என்றாலும் ஒன்றுதான். ‘லுக் அப் டு’, ‘லுக் டவுன் ஆன்’ மட்டும் ஒழுங்காக எதிரெதிரே நிற்கின்றன: மதிப்பது, தாழ்வாகப் பார்ப்பது. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கு எதிர் ‘லுக் பிஃபோர்’ இல்லை, ‘நெக்லெக்ட்’.

இதுவரை சிரித்துக்கொண்டே பேசினோம். இப்போது சிரிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன்.

மருத்துவ ஆங்கிலத்தில் மிக ஆபத்தான ஜோடி ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’. ஒன்று அதிகம், மற்றது குறைவு. எழுத்தில் தெளிவாகத் தெரியும். ஆனால் இரவு மூன்று மணிக்கு, போனில், ஒருவர் மலையாள உச்சரிப்பிலும் இன்னொருவர் ஸ்காட்லாந்து உச்சரிப்பிலும் பேசும்போது வித்தியாசம் ஒரு எழுத்தளவுதான். சர்க்கரை குறைந்தவருக்குக் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும், மிகவும் ஏறியவருக்கு இன்சுலின் தேவைப்படலாம். மாறினால் உயிர் போகும். அதனால் சொல்லோடு எண்ணையும் சேர்த்துச் சொல்வது நல்ல பழக்கம். “ஹைப்போ” என்பதோடு நிறுத்தாமல் “சுகர் லோ, 2.8” என்பது. இங்கிலாந்து அளவில் 4-க்குக் கீழே போனால் குறைவு. நம் ஊர் மீட்டரில் அது ஏறக்குறைய 72. எதிர்ச்சொற்கள் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலித்தால், எண்தான் காப்பாற்றும்.

நோயாளிகளுக்குக் குழப்பம் தரும் சொற்கள் வேறு. வெளியே ‘பாசிட்டிவ்’ நல்லது, ‘நெகட்டிவ்’ கெட்டது. பரிசோதனை முடிவில் பெரும்பாலும் தலைகீழ். கொரோனா வந்து இதை உலகம் முழுக்கக் கற்றுக்கொடுத்தது. பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று எழுதினால் பெற்றோருக்கு வருத்தம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் போல இனிமையான சொல் இல்லை. குறிப்பிடும்படி கோளாறு எதுவும் இல்லை என்று பொருள். இன்னொன்று ‘டினைஸ்’. ‘பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்’ என்று டாக்டர்கள் எழுதுவார்கள். நெஞ்சுவலி இல்லை என்றார், அவ்வளவுதான். இப்போது இங்கே நோயாளிகள் தங்கள் குறிப்புகளில் பலவற்றை என்.எச்.எஸ். செயலியிலேயே படிக்கலாம். படிக்கிற ஒருவருக்கு, ‘டினைஸ்’ என்பதற்கு எதிர் ‘அட்மிட்ஸ்’ ஆயிற்றே, நான் என்ன குற்றமா செய்தேன் என்று தோன்றாதா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பல வருடம் முன்பு இங்கே வந்த ஒரு பெரியவர். எண்பது வயதைக் கடந்தவர். ஏற்கெனவே இதயம் பலவீனம். நிமோனியாவோடு சேர்ந்தார். டாக்டர் அவரிடமும் குடும்பத்திடமும் பேசி, இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி உயிரூட்டும் முயற்சி செய்வதில்லை என்ற படிவத்தை நிரப்பினார். இங்கே அதற்கு டி.என்.ஏ.சி.பி.ஆர். என்று பெயர். அந்த முயற்சி சினிமாவில் பார்ப்பதுபோல இருக்காது. விலா எலும்புகள் முறியக்கூடும். அந்த உடம்புக்கு அதனால் பலன் கிடைக்காது என்பது டாக்டரின் கணிப்பு. குடும்பத்தில் ஒருவர் இதை மற்றவர்களுக்குப் போனில் தமிழில் சொல்லியிருக்கிறார்: “இனி வைத்தியம் வேண்டாம் எண்டு எழுதியாச்சு.”

அன்று இரவு மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, அப்பாவைச் சாகவிடச் சொல்லி எழுதியிருக்கினமாம். உங்கட டொக்டருக்கு நம்பிக்கையே இல்லையோ?”

இங்கே நடந்தது மொழிபெயர்ப்புப் பிழை மட்டும் இல்லை. ஒரு ‘இல்லை’, எதிர்ச்சொல்லாக மாறிவிட்டது. ‘இந்த ஒரு முயற்சி வேண்டாம்’ என்பது ‘வைத்தியம் வேண்டாம்’ ஆகி, ‘சாகட்டும்’ ஆகிவிட்டது. நேராக இல்லாததை வளைந்தது என்று படித்துவிட்டார்கள். நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. படுக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆன்டிபயாடிக் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன். நான்கு மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்த குறிப்பு. “இதெல்லாம் வைத்தியம்தான் அம்மா. ஒன்றையும் நிறுத்தவில்லை. நாளைக்கும் நடக்கும். அந்தப் பேப்பர், இதயம் தானாக நின்றுபோகிற அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது” என்றேன். டாக்டரும் மறுநாள் காலையில் மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி பேசினார்.

அவர் கேட்ட ‘நம்பிக்கை’ என்ற சொல் என் மனதில் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹோப்’, ‘ஃபெய்த்’, ‘ட்ரஸ்ட்’ என்று பல சொற்கள். எதிர்ச்சொற்களும் வேறு வேறு: ‘டெஸ்பேர்’, ‘டவுட்’, ‘டிஸ்ட்ரஸ்ட்’. மனமுறிவு, சந்தேகம், அவநம்பிக்கை. தமிழ் வேதாகமம் விசுவாசத்தையும் நம்பிக்கையையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் பேச்சில் நமக்கு எல்லாமே நம்பிக்கைதான். நெஞ்சை அழுத்தினால் பிழைப்பார் என்பதில் டாக்டருக்கு நம்பிக்கை இல்லை. மருந்து வேலை செய்யும் என்பதில் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே நாளில். மாற்கு சுவிசேஷத்தில், நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பன், தன் விசுவாசத்தையும் தன் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் சொல்லி உதவி கேட்கிறான். எதிர்ச்சொற்கள் ஒரு மனதுக்குள் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அந்தப் பெரியவர் இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போனார். படிவமும் அவரோடு வீட்டுக்குப் போனது.

முடிக்கும் முன் பெற்றோருக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளிடம் எதிர்ச்சொல் கேட்கும்போது சொல்லைத் தனியாகக் கொடுக்காதீர்கள், வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள். விடை வந்ததும், “இதுக்கும் அதுக்கும் நடுவில் ஏதாவது இருக்கா?” என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். இருந்தால், ‘இல்லை’ என்பது எதிர்ச்சொல் ஆகாது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு அதையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இரண்டு ஜோடி வந்தால் ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெற்றோருக்காகவோ தாத்தா பாட்டிக்காகவோ மொழிபெயர்க்க நேர்ந்தால், ‘நாட்’ என்று காதில் விழும்போது அவசரப்படாதீர்கள். “எது மட்டும் வேண்டாம்? எதெல்லாம் தொடரும்?” என்று டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முக்கியமான பேச்சு என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் சொன்ன விசித்திரமான எதிர்ச்சொற்கள் இருந்தால் இப்போது சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது. மைக்கைத் திறந்துகொள்ளலாம்.